பல்லுக்கு கிளிப் போட எந்த வயது சரி? புதிதாக யோசிக்கும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்குப் பல் கோணலாக முளைக்கிறது என்று வீட்டில் பேச்சை எடுத்தாலே இரண்டு பதில்கள் தயாராக வரும். "பால்பல்தானே, விழுந்து முளைச்சா சரியாயிடும், விடு" என்பது ஒன்று. கொஞ்ச வருடம் கழித்து அதே ஆட்களே சொல்லும் "இவ்வளவு வளர்ந்துட்டான், இனிமே கிளிப் போட்டு என்ன ஆகப்போகுது" என்பது இன்னொன்று. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான், எளிதாகச் சரிசெய்திருக்கக்கூடிய காலம் பல பிள்ளைகளுக்குக் கைநழுவிப் போகிறது. ஏழு வயதில் ஒரு சின்னப் பிளேட்டால் சில மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை இருபது வயதில் தாடை அறுவை சிகிச்சையில் போய் நிற்பதும் உண்டு. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் யாருக்கு ஆகும் என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வயதுகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பல்லைக் காட்ட வேண்டிய வயது வேறு, கம்பி கட்ட வேண்டிய வயது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எல்லாச் சிக்கலும்.

காட்ட வேண்டிய வயது 7. கிட்டத்தட்ட இரண்டாம் வகுப்பு. அமெரிக்காவின் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமும் இந்த வயதுக்குள் ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறது. ஏன் 7 என்றால், அந்த வயதில் முன்பற்களில் சில விழுந்து நிலையான பற்கள் வந்திருக்கும், பால்பற்களுக்குப் பின்னால் முதல் கடைவாய்ப்பல்லும் முளைத்திருக்கும். முன்னும் பின்னும் இந்தப் பற்கள் இருந்தால் போதும், தாடை எந்தப் பக்கம் போகிறது, இடம் போதுமா போதாதா என்று மருத்துவரால் ஓரளவு கணித்துவிட முடியும்.

இந்த முதல் கடைவாய்ப்பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 6 வயது வாக்கில் எந்தப் பல்லும் விழாமலேயே கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கும். அதனால் நிறைய அம்மாக்கள் அதையும் பால்பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தாலும் "விழப்போற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. ஆயுசுக்கும் அதுதான். கடிக்கும் முறையே அந்தப் பல்லை வைத்துத்தான் அமைகிறது.

கம்பி கட்டும் வயது பெரும்பாலான பிள்ளைகளுக்கு 11 முதல் 14 வரை. பிறந்தநாள் கணக்கைவிட, பால்பற்கள் எல்லாம் விழுந்துவிட்டனவா, வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 10 வயதிலேயே எல்லாப் பல்லும் மாறிய பிள்ளையும் உண்டு, 13 வயதிலும் பால்பல்லோடு திரியும் பிள்ளையும் உண்டு.

வீட்டிலேயே ஒருமுறை பாருங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன் நீங்களே பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் உட்காரவைத்துப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: "கடி" என்று சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி முன்பல்லோடு முன்பல்லை ஒட்டிக் காட்டுவார்கள், அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பதிலாக, நாக்கு நுனியை மேலண்ணத்தில் முடிந்தவரை பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மெதுவாகக் கடைவாயால் கடிக்கச் சொல்லுங்கள். இப்போது விரலால் கன்னத்தை லேசாக ஒதுக்கிப் பாருங்கள்.

மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையை டப்பா மூடி மாதிரி வெளியிலிருந்து மூடியிருக்க வேண்டும். எங்காவது ஒரு பல்லாவது கீழ்ப்பல்லுக்கு உள்ளே போயிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லி மோவாயைக் கவனியுங்கள். என் அக்கா மகனுக்கு வாய் திறந்திருக்கும்போது மோவாய் நேராக இருக்கும், மூடும் கடைசி நொடியில் வலது பக்கம் ஒரு நகர்வு நகரும், அப்புறம்தான் பல் சேரும். போட்டோவில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மேல்தாடை ஒடுங்கலாக இருந்ததால், கடிக்க இடம் தேடித் தாடை ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. இதை வளரும் வயதில் அப்படியே விட்டால் முகமே ஒரு பக்கம் கோணிவிடும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் ஒரு ஸ்கேலை எடுத்து, கீழ் முன்பல்லின் முகப்பிலிருந்து மேல் முன்பல்லின் விளிம்பு வரை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் கவலை இல்லை. அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் காட்ட வேண்டும், ஏனென்றால் தூக்கலாக இருக்கும் முன்பல்தான் சைக்கிளில் விழுந்தாலும் பள்ளிக்கூடத்தில் யார் மேலாவது மோதினாலும் முதலில் உடைகிறது.

ராத்திரி தூங்கும்போதும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். வாய் திறந்தபடியே தூங்கினால், குறட்டையும் சேர்ந்து வந்தால், பல் டாக்டரோடு காது மூக்கு தொண்டை டாக்டரையும் பார்க்க வேண்டியிருக்கும். மூக்கின் பின்னால் சதை வளர்ந்து அடைத்துக்கொண்டிருந்தால் அதைக் கவனிக்காமல் பல்லை மட்டும் நேராக்கிப் பிரயோஜனம் இல்லை.

காத்திருக்கக் கூடாதவை

இவை இருந்தால் 12 வயது வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடிப்பது. கீழ்ப்பல்லின் ஈறு இறங்கிவிடும் வாய்ப்பு உண்டு. மேல்தாடை பின்தங்கியோ கீழ்த்தாடை முன்தள்ளியோ இருப்பதுதான் காரணம் என்றால், மேல்தாடையை முன்னால் இழுத்துக் கொண்டுவரும் 'ஃபேஸ் மாஸ்க்' என்ற, முகத்தில் மாட்டும் கருவிக்கு 7 முதல் 10 வயதுதான் பலன் தரும் காலம். அப்பாவுக்கோ மாமாவுக்கோ அதே மாதிரி தாடை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இது பரம்பரையாக வருவது, வளர்ச்சி முடியும் வரை கண்காணிக்க வேண்டும்.

மேல்தாடை ஒடுங்கி, கடைவாய்ப்பற்கள் உள்ளே கடிப்பது. அக்கா மகனுக்கு இருந்தது இதுதான். மேலண்ணத்தின் நடுவில் ஒரு எலும்புத் தையல் இருக்கிறது, சின்ன வயதில் அது இறுகியிருக்காது. அண்ணத்தில் ஒரு கருவியைப் பொருத்தி, சாவியால் வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் தாடை அகலும். திருகத் தொடங்கியதும் முன்பல் நடுவே ஒரு இடைவெளி தோன்றும், அதைப் பார்த்துப் பயந்து போன் போடாத பெற்றோர் குறைவு. அது தாடை விரிவதற்கான அடையாளம், பிறகு தானே மூடும். வளரிளம் பருவம் முடியும்போது அந்தத் தையல் இறுகத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் இதே வேலை கஷ்டம்.

விரல் சப்புவது. நாலு வயதுக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் தானே சரியாகும். நிலையான முன்பல் வந்த பிறகும் தொடர்ந்தால் மேல்பல் முன்னால் வரும், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும். வேப்பெண்ணெய் தடவுவது, அடிப்பது, நாலு பேர் முன்னால் கேலி செய்வது எல்லாம் வேண்டாம். பயத்தில் அந்தப் பழக்கம் இன்னும் கூடும் பிள்ளைகளும் உண்டு.

சொத்தையால் பால் கடைவாய்ப்பல் சீக்கிரமே எடுக்கப்படுவது. நம் ஊரில் கோணல் பல்லுக்கு இது பெரிய காரணம், ஆனால் பேசப்படுவதே இல்லை. பால்பல் என்பது கீழே வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்துவைத்திருக்கும் பல். 7 வயதில் அதைப் பிடுங்கினால் அடுத்த பல் வர 10, 11 வயது ஆகும். அதற்குள் பின்னால் இருக்கும் ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை விழுங்கிவிடும். அதனால்தான் டாக்டர் பால்பல்லுக்கு ரூட் கனால் செய்யலாம் என்கிறார், காசு பிடுங்குவதற்காக இல்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால், இடத்தைக் காக்க ஒரு சின்னக் கம்பி வளையம் வைக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று, ஒரு பக்கம் ஒரு பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் அதே பல் வரவில்லை என்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. மேல் கோரைப்பல் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். 10 வயதில் அந்தப் பல்லின் மேடு ஈறுக்கு மேலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் பல் அண்ணத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கலாம். சரியான நேரத்தில் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே அது வழிக்கு வந்துவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. விட்டுவிட்டால் அறுத்துத் திறந்து, சங்கிலி கட்டி இழுத்து இறக்க வேண்டும்.

தொடாமல் விட வேண்டியவை

8, 9 வயதில் மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து, பக்கத்துப் பற்கள் விசிறி மாதிரி வெளியே சாய்ந்திருப்பது, முகத்துக்குப் பல் பெரிதாகத் தெரிவது. இதெல்லாம் அந்த வயதுக்கு இயல்பு. கோரைப்பற்கள் 11, 12 வயதில் இறங்கும்போது அவையே தள்ளி மூடிவிடும். இதற்காக அவசரப்பட்டுக் கம்பி கட்டச் சொல்லும் இடத்தில் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள்.

அதேபோல் 6, 7 வயதில் கீழ் முன்பல் பால்பல்லுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையாக முளைப்பதும் சகஜம். பால்பல் ஆடினால் பிள்ளையையே ஆட்டிவிடச் சொல்லுங்கள். அது விழுந்ததும் நாக்கு புதுப்பல்லை முன்னால் தள்ளும். இரண்டு மூன்று மாதமாகியும் ஆடவே இல்லை என்றால் எடுத்துவிடலாம்.

தூக்குப்பல்லும் வளர்ச்சி வேகமும்

மேல்பல் தூக்கலாக இருக்கிறது என்று வரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு உண்மையில் கீழ்த்தாடைதான் பின்னால் இருக்கிறது. பக்கவாட்டில் முகத்தைப் பார்த்தால் மோவாய் உள்ளே போன மாதிரி தெரியும். இதற்கு ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவி உண்டு. கீழ்த்தாடையை முன்னால் நிறுத்திவைக்கும், நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும், ஒன்பது மாதம் ஒரு வருடம் ஆகும். வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில் போட்டால்தான் முழுப் பலன்.

அந்தக் காலம் பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 10 முதல் 12, பையன்களுக்கு 12 முதல் 14. பெண்ணைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். வளர்ச்சி வேகத்தின் உச்சம் பெரும்பாலும் முதல் மாதவிலக்குக்கு முன்பே கடந்துவிடுகிறது. "வயசுக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் வீடுகள் ஏராளம். இந்தப் பிரச்சினை உள்ள பெண்ணுக்கு அது தவறான காத்திருப்பு. ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே கொண்டுபோய்க் காட்டுங்கள். கழுத்தெலும்பின் வடிவம் தெரியும் பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பார்த்து வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

அதற்காக 8 வயதிலேயே போட்டுவிட்டால் இன்னும் நல்லதா என்றால், இல்லை. சீக்கிரம் தொடங்கியவர்களையும் பிறகு தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் கடைசியில் பல்லும் தாடையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வந்து நின்றன. முன்பல் அடிபட்டு உடைவது குறைந்தது மட்டும்தான் சீக்கிரம் தொடங்கியதன் லாபம். பல் மிகவும் முன்னால் இருந்து, பள்ளியில் கேலி தாங்க முடியாமல் பிள்ளை வாயை மூடிக்கொண்டே பேசுகிறது என்றால் சீக்கிரம் தொடங்க அது போதுமான காரணம். இல்லையென்றால் வளர்ச்சி வேகம் வரும் வரை பொறுக்கலாம்.

கம்பி கட்டும் காலத்தைப் பள்ளிக் கணக்கோடு பொருத்துங்கள்

பற்கள் எல்லாம் மாறியபின் வழக்கமான கம்பி சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு வருடம் எடுக்கும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். என்னைக் கேட்டால் ஏழாம் வகுப்பு முடிந்த மே விடுமுறையில் தொடங்குவது வசதி. முதல் வார வலி லீவிலேயே கழிந்துவிடும், பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குவதற்குள் கம்பியும் கழன்றிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கிவிட்டு, பிள்ளை வேறு ஊர் ஹாஸ்டலுக்குப் போய், பாதியில் டாக்டர் மாறுவது பெரிய அவஸ்தை. புது டாக்டர் மறுபடி முதலிலிருந்து திட்டம் போடுவார், பணமும் மறுபடி கட்ட வேண்டிவரும்.

பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல்லே சரியாகத் துலக்காத பிள்ளைக்குக் கம்பி கட்டினால் இரண்டு வருடம் கழித்து நேரான பல்லில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் மிஞ்சும். அந்தத் திட்டு லேசில் போகாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆறு மாதம் தள்ளிப்போட்டு, துலக்கும் பழக்கத்தை முதலில் கொண்டுவருவதே சரி.

யாரிடம் போவது, என்ன கேட்பது

பி.டி.எஸ். முடித்தபின் பல் சீரமைப்பில் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர்தான் ஆர்த்தோடான்டிஸ்ட். பல கிளினிக்குகளில் அவர் வாரத்தில் குறிப்பிட்ட நாள் மட்டும் வருவார். பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அவரேதான் பார்ப்பாரா என்று கேட்டுவிடுங்கள். செலவு கவலை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் பல தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தத் துறை இருக்கிறது. பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வார்கள். நேரம் அதிகம் எடுக்கும், ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும், வேலை குறைந்ததில்லை.

மொத்தத் தொகையைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எக்ஸ்ரே, பல் எடுக்கும் செலவு, கம்பி உடைந்தால் மாற்றுவது, கடைசியில் பல் மறுபடி நகராமல் இருக்கத் தரும் ரிட்டெய்னர் எல்லாம் அதில் சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முழு வாய் எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுக்காமல் திட்டம் சொல்லும் இடத்தில் தொடங்க வேண்டாம். வீட்டுக்கே பார்சலில் அலைனர் (பல் மேல் கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை) அனுப்புகிறோம் என்பவர்களுக்கும் இது பொருந்தும். அலைனரும் நல்ல கருவிதான், ஆனால் தினமும் 20 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்க வேண்டும், கழற்றி வைத்துவிட்டு மறந்துபோகும் பிள்ளைக்கு உலோகக் கம்பியே மேல்.

இடம் போதாவிட்டால் நல்ல பல் நாலை எடுக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் முன்கடைவாய்ப்பற்கள். எல்லாருக்கும் தேவைப்படாது. எதற்கு, எடுக்காமல் செய்தால் முகம் எப்படி வரும் என்று கேளுங்கள். மேல்பல் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்று பாட்டி சொல்வார். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அந்தப் பயத்துக்காகச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

முதல் வாரம்

கம்பி ஒட்டும்போது வலிக்காது. அன்று சாயங்காலம் தொடங்கி மூன்று நாலு நாள் கடிக்கவே கூசும். இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம் போதும். கன்னத்தில் கம்பி குத்தினால் டாக்டர் தரும் மெழுகை உருட்டி ஒட்டிக்கொள்ளலாம். முறுக்கு, தட்டை, வறுத்த கடலை, கரும்பு, ஐஸ் கட்டி கடிப்பது சிகிச்சை முடியும் வரை கிடையாது. கொய்யாவைத் துண்டு போட்டுச் சாப்பிடலாம். பல் நிற செராமிக் கிளிப் போடுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கிளிப் நிறம் மாறாது, அதைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையம் சாம்பார் மஞ்சளில் இரண்டே நாளில் மஞ்சளாகும். அடுத்த முறை போகும்போது மாற்றுவார்கள், அதுவரை அப்படித்தான் இருக்கும். உலோகக் கிளிப்புக்குச் சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்கினால் கறை தெரியாது.

வயது தாண்டியவர்களுக்கு

பல் நகர்வதற்கு மேல்வரம்பு வயது கிடையாது. நாற்பதிலும் ஐம்பதிலும் போடலாம். ஈறும் எலும்பும் உறுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈறில் ரத்தம் வந்தால், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பெரியவர்களுக்குத் தாடை வளராது, எனவே பிரச்சினை தாடையில் என்றால் அறுவை சிகிச்சை சேரும். அதையும் வளர்ச்சி நின்ற பிறகுதான் செய்வார்கள். கல்யாணம் நிச்சயமாகி மூன்று மாதம் இருக்கும்போது வந்து நிற்பவர்கள் நிறைய. அந்த அவகாசத்தில் முழுச் சிகிச்சை முடியாது. அதற்குள் முடித்துத் தருகிறேன், பல்லை ராவிக் கேப் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நல்ல பல் திரும்ப வராது. கல்யாணத்துக்குப் பிறகும் கிளிப் போடலாம்.

கம்பி கழற்றிய பிறகு

இத்தனை செலவும் வீணாவது இங்கேதான். நகர்த்திய பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், முதல் சில மாதங்களில் மிக வேகமாக. பல்லுக்குப் பின்னால் ஒட்டும் மெல்லிய கம்பியோ, கழற்றி மாட்டும் ரிட்டெய்னரோ தருவார்கள். டாக்டர் சொல்லும் வரை முழு நேரமும், அப்புறம் ராத்திரி ராத்திரியாக, முடிந்தால் வருடக்கணக்கில் போட வேண்டும். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீர் போதும். ஓட்டலில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேசையில் வைத்தால் இலையோடு குப்பைக்குப் போய்விடும், டப்பா இல்லாமல் வெளியே எடுத்துப் போகவே கூடாது என்று பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். தொலைந்தாலோ, மாட்டும்போது இறுக்கமாகத் தெரிந்தாலோ அந்த வாரமே போய்க் காட்டுங்கள், அடுத்த லீவு வரை தள்ள வேண்டாம்.